கடைசி எண் இரண்டு

பூட்டியிருக்கிறது என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னதும் எனக்கு வீட்டுக் கதவுதான் நினைவுக்கு வந்தது, பூட்டினேனா, சாவி கைப்பையில் இருக்கிறதா, அடுப்பை மூடினேனா... அவள் சொன்னது என் போனை. இந்தக் கம்பெனி கொடுத்த போனில் இந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டு சிம்மைப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது, அதற்குப் பெயர் பூட்டு. நான்கு வருஷமாகப் பூட்டிய ஒன்றைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், நல்ல கூத்து. கண்ணாடிக் கடையில் இருபது வருஷம் பிறத்தியார் பார்வையை அளந்தவள், என் கையில் இருப்பதைப் பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு விமானம். நாளை மறுநாள் காலை அண்ணனுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. இறங்கியதும் கூப்பிடு, எந்தக் கட்டடம், எந்த மாடின்னு சொல்றேன், ஆஸ்பத்திரி ஒரு ஊர் மாதிரி இருக்கும், கூப்பிடாம வந்தியானா சுத்திக்கிட்டே இருப்பே என்று அண்ணி சொல்லி, அந்த நாட்டு சிம் ஒன்றையும் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். காலையில் அதைப் போட்டுப் பார்த்தேன். போன் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. என் டோக்கன் அறுபத்தெட்டு, வந்தபோது முன்னால் பதினோரு பேர், எதிரில் சுவர் நிறையச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள், அத்தனை பேர் கையிலும் போன், ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பொறுமைசாலி. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "மேடம், இது குடும்பத் திட்டத்துல வாங்கின போன். திட்டத்துல இருக்கற வரைக்கும் பூட்டை எடுக்க முடியாது. திட்டத்த மூடிட்டா உடனே எடுத்துடலாம், பத்து நிமிஷ வேலை." மூடும்மா, அதுக்கென்ன என்றேன், அவ்வளவு லேசாக. அவள் விரல் திரையில் கீழே இறங்கியது. "உங்க திட்டத்துல இப்ப ரெண்டு எண் உயிரோட இருக்கு. ரெண்டுல முடியறது ஒண்ணு, நாலுல முடியறது ஒண்ணு. மூடினா ஒரு எண்ணைத்தான் தனியா மாத்தித் தர முடியும். இன்னொண்ணு போயிடும்." அப்படியானால் மூடவேண்டாம், வேறு போன் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்தேன், என் அவசரம் அப்படி. அவள் உட்காரச் சொன்னாள். இந்தத் திட்டமே பழசாம், இந்த மாதத்தோடு கம்பெனியே நிறுத்துகிறதாம், கடிதம்கூட அனுப்பினார்களாம். நான் திரும்பி வருவதற்குள் இரண்டும் போய்விடும். எந்த எண்ணை வச்சுக்கறீங்க மேடம், என்று கேட்டாள், எந்தக் கலர் வேணும் என்று கேட்பது போல.

ரெண்டு அம்மா. நாலு நான். ஒன்று அப்பா, மூன்று அண்ணன். அப்பாவுக்கு எல்லாம் வரிசையாக இருக்கவேண்டும், பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தடுத்த நாலு எண் வேண்டும் என்று கடையில் பிடிவாதம் பிடித்து, மூன்று வாரம் நடையாய் நடந்து வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வரவேற்பறையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்தார், ஏதோ பட்டம் கொடுப்பது மாதிரி. அதோடு பேரெல்லாம் போச்சு. மூணு எங்கே, நாலு சாப்பிட்டாச்சா, ரெண்டு கோவமா இருக்கா... அம்மாவை ரெண்டு என்று கூப்பிடும் தைரியம் அவருக்கு மட்டும்தான். மறதியே வராது பாரு என்று பெருமை வேறு. மறதி வரவில்லை, வந்தது குழப்பம். எல்லார் போனும் எல்லாருக்கும் வந்தது. என் கடை முதலாளி நான் தாமதமாக வந்ததற்கு அப்பாவைத் திட்டினார், அப்பா தன் மேலதிகாரி என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். அம்மாவின் பல் டாக்டர், வலி எப்படியிருக்கு என்று அண்ணனை விசாரித்தார். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு பெண்ணின் போன், மூன்றை அழுத்துவதற்குப் பதில் இரண்டை அழுத்திவிட்டு, எடுத்தவுடன், நேத்து ரெண்டு மணி நேரம் நின்னேன், வரமுடியாதுன்னா சொல்லித் தொலைக்க மாட்டியா என்று பொரிந்து தள்ளினாள். அம்மா நிதானமாக, அவனுக்குக் காய்ச்சல்மா, படுத்திருக்கான், நீ வேணா வந்து பாத்துட்டுப் போ என்றாள். அவளும் வந்தாள். அப்படி வந்தவள்தான் அண்ணி. இன்றைக்கும் அவளைக் கேட்டால் என் மாமியார்தான் என்னை முதல்ல பாத்தது, இவர் இல்ல என்பாள்.

அந்த வீட்டில் நாலு போனும் ஒரே மேசையில் சார்ஜில் இருக்கும், ஒன்று அடித்தால் நாலு பேரும் ஓடுவோம். அந்தச் சத்தம் எனக்கு இப்போது வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அந்தச் சத்தமும் அந்த ஓட்டமும்... முதலில் மூன்று போயிற்று, அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பிறகு அப்பா. அப்பா போன மூன்றாம் மாதம் நாங்களே அவர் எண்ணை ரத்து செய்தோம், யாரும் யோசிக்கவில்லை, எதற்கு வீணாக என்றுதான் தோன்றியது. ஒரு வருஷம் கழித்து ஏதோ ஞாபகத்தில் அதை அழுத்திவிட்டேன். ஒரு ஆள் எடுத்தான். யாரு, என்றான். யாருங்க, யார் வேணும்... அவன் மேல் தப்பே இல்லை, மரியாதையாகத்தான் கேட்டான், பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டு அன்று முழுக்க அழுதேன், அப்பா போன அன்றுகூட அப்படி அழவில்லை. அதனால்தான் அம்மா போனபோது ரெண்டைத் தொடவிடவில்லை. அம்மாவின் அந்தச் சின்ன போன், பட்டன் எல்லாம் தேய்ந்தது, பின்னால் அண்ணன் மகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர், அது அலமாரியில் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

அது மட்டும் காரணமா. கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். அம்மா போனபோது அண்ணனால் வரமுடியவில்லை. லீவு, டிக்கெட், என்னென்னவோ. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இப்ப வரட்டுமா என்றான். இனிமே யாரைப் பாக்க வர்றே என்று கேட்டேன். சரி நாலு, என்றான், அவ்வளவுதான். பத்தொன்பது மாதம் ஆகிறது. நடுவில் அண்ணிதான் தபாலாபீஸ், அவன் நல்லாயிருக்கான், அவள் நல்லாயிருக்காள். அறுவை என்று சொன்னதும் அவள்தான், அவர் வாயத் திறந்து கேக்கமாட்டார், நீ வந்தா தெம்பா இருப்பார் என்றதும் அவள்தான். ஆனால் அம்மா போய் மூன்றாவது ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு அலமாரிக்குள் போன் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். அண்ணனின் வெளிநாட்டு எண். என் விரல் பட்டன் மேல் இருந்தது, அழுத்தவில்லை. அவன் கூப்பிட்டது அம்மாவை, என்னையில்லை. எடுத்து நான் என்ன சொல்வேன், அம்மா இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றா... அடித்து முடித்து நின்றது. அடுத்த ஞாயிறும் அதே பத்தரை. ஒரே ஒரு தடவை, முழுக்க அடிக்கும், நிற்கும். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அதற்குச் சார்ஜ் போடுகிறேன். பத்தே காலுக்கெல்லாம் குளித்து முடித்து அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், கடையில் யாரிடமாவது சொன்னால் எனக்குத்தான் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். அது அடிக்கிற நேரம் அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது, அவன் அம்மாவோடு தனியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன ஞாயிறும் அடித்தது, நெஞ்சில் வலியோடுதானே கூப்பிட்டிருப்பான்.

அதனால் யோசிக்க என்ன இருக்கிறது, ரெண்டைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும். ரெண்டுல முடியறதும்மா என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இந்தப் பூட்டு திறந்த போனில் அம்மாவின் எண் வந்துவிட்டால், திரும்பி வந்தபின் நான் அவனைக் கூப்பிடும்போது அவன் திரையில் அம்மா என்று வரும். நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு படுத்திருக்கிறவனுக்குப் போய்ச்சேர்ந்த அம்மாவிடமிருந்து போன், டாக்டர் என்னைத்தான் பிடித்து உள்ளே போடுவார். சிரிப்பு வந்தது. முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், அண்ணா, இனிமே அம்மா எண் என்கிட்டதான் இருக்கு என்று. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் தெரிந்துபோகும். அப்புறம் அவன் கூப்பிடுவானா... அந்தப் பெண் தட்டிக்கொண்டே இருந்தாள், திடீரென்று நிறுத்தி, "இந்த ரெண்டுல முடியற எண் இப்பவும் ஆன்லதான் இருக்கே, யார் வச்சிருக்காங்க மேடம்?" என்றாள். யாருமில்லம்மா, வீட்ல அலமாரில இருக்கு என்றேன். "அலமாரில இருந்தா எப்படி, யாரோ சார்ஜ் போடறாங்கல்ல? இல்லேன்னா கூப்பிடறவங்களுக்கு அணைச்சு வச்சிருக்குன்னுல்ல வரும், மணியே அடிக்காதே." சும்மா பேச்சுக்குச் சொன்னாள், சொல்லிவிட்டு அச்சு இயந்திரத்தில் காகிதம் வைக்கத் திரும்பிக்கொண்டாள்.

மணியே அடிக்காது. அது அண்ணனுக்குத் தெரியாதா, வீட்டில் இருந்த அத்தனை பிளக்கையும் கழற்றி மாட்டியவன் அவன்... செத்துப்போனவளின் போன் தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது என்று மூன்றாவது வாரமே அவனுக்குத் தெரிந்திருக்கும். பத்தொன்பது மாதமும் அவனுக்கு மணி அடித்தது, ஒரு ஞாயிறுகூட அணைத்து வைத்திருக்கிறது என்று வரவில்லை, யாரோ சார்ஜ் போடுகிறார்கள், யாரோ வைத்திருக்கிறார்கள், அந்த யாரோ வேறு யார், எங்கள் வீட்டில் மீதி இருப்பதே ஒருத்திதானே. அப்படியானால் அவன் அம்மாவையா கூப்பிட்டான். எண்பது ஞாயிறு அவன் கதவைத் தட்டியிருக்கிறான், நான் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவனுக்கு இடம் விட்டதாக நினைப்பு வேறு. இல்லை, அப்படியெல்லாம் இருக்காது, அவனுக்கும் அந்தச் சத்தம் மட்டும் போதுமாக இருந்திருக்கும்... எனக்குத் தெரியவில்லை, எப்படித் தெரியும், கேட்டால்தானே தெரியும். "மேடம், ரெண்டையே போட்டுடட்டுமா? கையெழுத்துப் போட்டா மாத்த முடியாது." கொஞ்சம் இரும்மா என்றேன். பேனா மூடியைத் திறந்தபடி நிற்கிறேன், எழுந்தது எப்போது என்றே ஞாபகமில்லை, பின்னால் அறுபத்தொன்பதுக்காரர் செருமுகிறார். இன்று செவ்வாய்க்கிழமை, அறுவை வியாழக்கிழமை, நடுவில் ஞாயிறு எதுவும் இல்லை, விமானம் ஏறுமுன் அவனைக் கூப்பிட வேண்டியது இனி நான்தான், எந்த எண்ணிலிருந்து என்றுதான் இந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.