நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்குச் சாத்திரம் கொஞ்சநஞ்சமா! படகில் முயலின் பேரைச் சொல்லக் கூடாது, சீட்டியடிக்கக் கூடாது. ஜேகோ தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்திருந்தான்: மனைவி லவ்டேயின் புத்தகங்கள் படகில் ஏறவே கூடாது.

புத்தகங்களும் அந்த லட்சணம்தான். குளிர்காலம் பூராவும் பாய்மரப் படகுகள் மூழ்கிய கதைகளாகவே படித்துத் தள்ளுவாள். படித்துத் தொலைக்கட்டும் என்றால், சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"இவன் ஏன் செத்தான் தெரியுமா ஜேகோ?"

"தாயே, மீன் தொண்டையில நிக்குது. உன் பொணத்தையெல்லாம் அப்புறம் எடுத்து வை."

"செத்தவன் செலவுல பாடம் படிக்கிறேன் ராசா. ஓசியில கிடைக்குது, ஏன் விடணும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று படகுக் கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் ஜேகோ. அரை டிராயர் போட்ட நாளிலிருந்து பாய் விரித்தவனாயிற்றே!

ஜூன் மாதம் இருவரும் சில்லித் தீவுகளுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். லிசர்ட் முனை கண்ணில் பட்டதும் காற்றுக்குப் பேய் பிடித்தது. ஒரு பெரிய அலை படகைத் தூக்கி அடித்தது. உள்ளே என்னவோ படாரென்று உடைந்தது. ஜேகோ குனிந்து பார்த்தான். அறைக்குள் கணுக்காலளவு தண்ணீர், தட்டுமுட்டெல்லாம் மிதக்கிறது.

"போச்சு! அடி ஓட்டையாயிடுச்சு!"

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ ரப்பர் மிதவையைக் கடலில் தள்ளிக் கயிற்றை இழுத்தான். அது புஸ்ஸென்று உப்பி, படகோரமாகத் துள்ளியது.

"குதி லவ்டே! குதிடீ!"

அவளோ படியிறங்கி உள்ளே போனாள். இந்த நேரத்தில் இவளுக்கு உள்ளே என்ன வேலை? ஜேகோ தொண்டை கிழியக் கத்தினான். அவள் மண்டியிட்டு, விரலைத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்ல ராசா! நம்ம குடிதண்ணித் தொட்டிதான் உடைஞ்சிருக்கு. படகுக்கு ஒண்ணும் ஆகல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ருசி பார்க்காம மிதவைக்கு ஓடினவங்க கதை எத்தனை படிச்சிருக்கேன்! அவங்க போயே போயிட்டாங்க. படகு மட்டும் பத்திரமா கரை ஒதுங்குச்சு."

அதற்குள் ஒரு காற்று வந்தது. மிதவையைக் கட்டியிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. மிதவை அலைமேல் தலைகீழாகப் புரண்டு, மறுபடி புரண்டு, போய்க்கொண்டே இருந்தது. ஜேகோ கண்கொட்டாமல் பார்த்தான். அவன் சொன்னபடி குதித்திருந்தால், அந்த மிதவைக்குள் லவ்டே இருந்திருப்பாள்.

பாயைச் சுருக்கிக்கொண்டு, ஒரு வாய் தேநீருக்கும் வழியில்லாமல், பொழுது சாய ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். படகைக் கட்டி முடித்தும் ஜேகோ எழுந்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நான் உன்னைக் குதிக்கச் சொன்னேனே, லவ்டே."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நனைந்த தொப்பியை அவன் தலையிலிருந்து எடுத்தாள்.

"சொன்னே. கட்டிக்கிட்ட நாளா, நீ சொன்னதை நான் என்னைக்குய்யா கேட்டிருக்கேன்?"