கிஷோரைக் கூப்பிட்ட குரல்

பட்டினப்பாக்கம் கிஷோர் அடையாற்றங்கரையில் ஓர் இறையியல் கல்லூரியில் இளநிலைப் பட்டம் படித்த நாலு வருஷமும் ஒரு குரல் அவனைத் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பேரைத் தவிர வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு மட்டும் கேட்டிருந்தால் டாக்டரிடம் காட்டியிருக்கலாம். இது எல்லாருக்கும் கேட்டது. வகுப்பில் இருந்தவர்களுக்குக் கேட்டது, வாசலில் இளநீர் சீவுகிறவருக்குக் கேட்டது, காற்று நல்லபடியாக அடித்தால் லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த அறையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இதில் குற்றம் கிஷோர் பேரில்தான். அவன் தாய் தேசம்மா மீன் விற்கிறவள். அவன் வயிற்றில் இருந்தபோது புருஷன் மண்ணாங்கட்டி நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொள்ள, அவர் உயிரோடு கரை சேர்ந்தால் பிறக்கிற பிள்ளையைச் சபை ஊழியத்துக்கு விடுவதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிவிட்டாள். மண்ணாங்கட்டி கரை சேர்ந்தார். சேர்ந்த கையோடு குழம்பில் உப்பில்லை என்று குறையும் சொன்னார். ஆக, பொருத்தனை உறுதியாகிவிட்டது. கிஷோருக்கோ மனசெல்லாம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சேட்டு கொட்டகையில். சேட்டு படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பையன் அங்கேதான் கிரீஸும் கையுமாகக் கிடந்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே தேசம்மா அவன் விரல்களைத் தேங்காய் நாரால் தோல் போகத் தேய்த்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கல்லூரி நேர்காணலுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே எல்லாரையும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். உங்கள் அழைப்பு என்ன? ஆண்டவர் உங்களை எப்படிக் கூப்பிட்டார்? பெஞ்சில் காத்திருந்த பையன்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் அழைப்பு தயாராக இருந்தது. ஆதம்பாக்கம் செந்தில்குமாரிடம் இரண்டு இருந்தன: ஒன்று பைக் விபத்து, ஒன்று டெங்குக் காய்ச்சல். கிஷோர் தாயின் பொருத்தனையைச் சொன்னான். முதல்வர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அது உங்க அம்மாவோட அழைப்பு, தம்பி. உங்களோடது?" என்றார். கதவிடுக்கில் தேசம்மாவின் ஒற்றைக் கண் தெரிந்தது. அந்தக் கண்ணுக்குப் பயந்து, "கடல்ல எஞ்சின் பார்த்துக்கினு இருந்தேன் ஐயா, ஒரு குரல் கூப்ட்டுச்சு" என்றான். என்ன சொன்னது என்று கேட்டார்கள். பொய்யில் பழக்கமில்லாதவனுக்கு அதற்கு மேல் ஓடவில்லை. "பேரு மட்டும்தான் ஐயா."

இடம் கிடைத்தது. முதல் வாரம் கிரேக்க வகுப்பில், அவன் சொன்னது சொன்னபடி, பேர் மட்டும் கேட்டது. இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துப் பொய் சொல்லியிருந்தால் என்ன கேடு வந்திருக்கும் என்று அவன் பிற்பாடு நொந்துகொள்ளாத நாளில்லை.

கல்லூரிக்குக் கொண்டாட்டம். எபிரெய ஆசிரியர் அந்தக் குரலில் கோபம் இருக்கிறது என்றார், பிரசங்கக் கலை ஆசிரியர் பாசம் என்றார். இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஜெர்மனியிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து ஒரு பருவம் முழுக்க ஒலிப்பதிவு செய்தார். அதில் எதிர்வீட்டு மிக்ஸி துல்லியமாகப் பதிவாகியிருந்தது. கிஷோருக்குப் பெயிலாகும் உரிமையும் பறிபோனது. எபிரெயத் தாள் முழுக்க கார்புரேட்டர் படம் வரைந்து கொடுத்தான், முதல் வகுப்பு வந்தது. கூப்பிடப்பட்டவன் தாளில் சிவப்பு மை இறங்க மறுத்தது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அவனைத் தங்கள் சபைக்கு அனுப்பச் சொல்லி அசோக் நகர்க்காரர்களும் மந்தைவெளிக்காரர்களும் வாசலிலேயே மல்லுக்கு நின்றார்கள். பிரசங்கம் யாருக்கு வேண்டும்? மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைக்கை அவன் தலைக்கு மேல் நீட்டிவிட்டு, ஜனங்கள் வாயைப் பிளந்து காத்திருந்தார்கள். கோபுரத்தில் தொங்கும் மணிக்காவது ஆட இடம் உண்டு, எனக்கு அதுவும் இல்லை என்று கிஷோர் நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் ஓடிப் பார்த்தான். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் கரைந்துவிட்டால் எந்தக் குரலும் கண்டுபிடிக்காது என்று கணக்குப் போட்டு, ஒரு நைட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மத்தியானம் நைட்டிக் குவியலுக்கு மேலிருந்து "கிஷோர்" என்றது. தெரு அப்படியே நின்றது. பேரம் பாதியில் நின்றது. ஒரு பிக்பாக்கெட் எடுத்த பர்சை எடுத்த பையிலேயே திரும்ப வைத்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து உஸ்மான் ரோடு வரை அவனுக்கு வழி விட்டது. வழியின் கடைசியில் கல்லூரி வேன் நின்றுகொண்டிருந்தது. அடுத்த தடவை பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். குரல் ஏசி குழாய் வழியாக எல்லா மாடிக்கும் போய், நாலாவது மாடி மொத்தமும் ராஜினாமா செய்து அதே கல்லூரியில் வந்து சேர்ந்தது. அதன்பின் விடுதியில் அவன் ஜன்னலுக்கு மட்டும் கம்பி போட்டார்கள், அவன் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி.

சேட்டு ஒருமுறை பார்க்க வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். "உன் ஸ்பேனரை யார் கைலயும் தர்ல நைனா. வந்து எடுத்துக்கோ."

"எங்க மாமா வர்றது? கம்பி போட்டுகீறாங்க."

"கம்பிய அறுத்துரலாம். உன் பேரை இன்னா பண்றது?" என்று சேட்டு கேட்டார்.

மூன்றாம் வருஷம், சிற்றாலயத்தில் அவன் பிரசங்கம் செய்ய வேண்டிய முறை வந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தான். நேர்காணலில் சொன்னது பொய், கடலில் எந்தக் குரலும் கூப்பிடவில்லை, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கைகூப்பினான். "கிஷோர்" என்றது குரல், மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து. சபை மொத்தமும் முழங்காலில் விழுந்தது. இப்படியொரு தாழ்மையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஜன்னலில் இன்னொரு கம்பி ஏறியது.

பட்டம் வந்தது. இனி குருப்பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்றுதான் பாக்கி. அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் வெள்ளை அங்கிதான். வாரியம் மயிலாப்பூரில் ஒரு பழைய பங்களாவில் கூடியது. வெளியே பெஞ்சில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்த நாலு வருஷத்தில் இளைத்துப் போயிருந்தாள். கூப்பிடப்பட்டவனின் தாயிடம் பேரம் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. சண்டையில்லாத வியாபாரம் அவளுக்குக் கசந்துவிட்டது. மகன் முகம் ஊறிப்போன கருவாடு மாதிரி ஆகிக்கொண்டு வந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கொடுத்த வாக்கை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

உள்ளே பெரியவர்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள். உங்கள் அழைப்பு என்ன? கிஷோர் வாயைத் திறப்பதற்குள் குரல் முந்திக்கொண்டது. "கிஷோர்." பெரியவர்கள் தலைகுனிந்தார்கள். எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா மூடி கழன்ற சத்தத்தில் கிஷோருக்கு எங்கேயோ பிய்த்துக்கொண்டது. முகட்டைப் பார்த்து, எஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கிறவன் குரல் கொடுக்கிற மாதிரி, "இன்னா?" என்றான். "சும்மா சும்மா பேரைச் சொல்லிக்கினு. இன்னா வோணும், சொல்லு."

அந்தக் குரலுக்கு அதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஆராய்ந்தார்கள், பதிவு செய்தார்கள், முழங்காலில் விழுந்தார்கள்; என்னவென்று யாரும் கேட்கவில்லை. குளத்தோரம் பூக்காரிகள் வாயை மூடினார்கள். கபாலி கோயில் புறாக்கள் பறந்த இடத்திலேயே நின்றன.

"ஒண்ணுமில்ல" என்றது குரல். "கீறியான்னு பார்த்தேன்."

குப்பத்துத் தமிழில் வந்த பதிலைக் கேட்டு வாரியம் திகைத்துப்போனது. எழுதுகிறவர் அதை நல்ல தமிழில் எப்படிப் போடுவது என்று பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"கீறேன்" என்றான் கிஷோர்.

"சரி. வேலையப் பாரு."

தேசம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "கேட்டுச்சா? எய்ந்து வா."

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. நீங்க செஞ்ச பொருத்தனை…" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"நான் நேந்துக்கினது அவருக்கு. அவரே வேலையப் பாருன்ட்டாரு. உங்களுக்கு இன்னாத்துக்கு என் புள்ள?"

நாலு வருஷமாக வாயில் அடைத்து வைத்திருந்த பேரம் முழுவதையும் அவள் அந்த அறையில் இறக்கினாள். பெரியவர்களில் ஒருவருக்கு வியர்த்து, ஒருவருக்கு விக்கல் எடுத்து, கடைசியில் கதவை அவர்களே திறந்துவிட்டார்கள்.

கிஷோர் இப்போது சேட்டு கொட்டகையில் இருக்கிறான். பட்டச் சான்றிதழ் கிரீஸ் டப்பாக்களுக்கு மேலே தொங்குகிறது. குரல் தினமும் கூப்பிடுகிறது. அவன் ஸ்பேனரைப் பல்லில் கடித்தபடியே "கீறேன்" என்கிறான், அதோடு சரி. மீன் வாங்க வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேசம்மாவோடு பேரம் பேசுவதற்கே அவர்களுக்கு மூச்சு போதவில்லை. அவன் இல்லாத நேரத்தில் குரல் கேட்டால், சேட்டு எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொல்லிவிடுகிறார்.

"டீக்குப் போய்கீறான். வந்துருவான்."