ஐந்தாவது பந்தயத்தில் ஏழாம் எண்

முப்பத்தொரு வருடம் வில்பிரட்டின் குதிரைகளை மெட்டில்டா தன் கையால் எழுதினாள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

ஒரு மாலைப் பத்திரிகையில், சனிக்கிழமைதோறும் ஆறாம் பக்கத்தில், மறுநாள் கிண்டியில் ஓடப்போகும் குதிரைகளைப் பற்றி வில்பிரட் எழுதிவந்தார். வயிற்றுப்பாட்டுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ் இருந்தது, இது ஆசைக்கு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று குதிரைகள். எது முதலில் வரும், எது இரண்டாவது, எது மூன்றாவது, ஏன் அப்படி என்று ஓரிரு வரிகள். அடியில் 'சேணம்' என்று பெயர் இருக்கும். அந்தப் பெயரை வைத்தவள் மெட்டில்டாதான். கிழக்குத் தாம்பரத்துப் பள்ளியில் தமிழ் டீச்சர். சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். கணவன் பெயர் ரேஸ் பக்கத்தில் அச்சாகி வந்தால் எந்த முகத்தோடு பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பாள்?

"எந்தப் பேர் போட்டா என்ன, குதிரைக்கா என் பேர் தெரியப்போகுது?" என்று சிரித்துவிட்டு அவர் ஒப்புக்கொண்டார்.

அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். வாக்கியம் ஓர் இடத்தில் தொடங்கினால் மூச்சு முட்டும்வரை ஓடும். எனவே அவர் கிறுக்கித் தருவதை அவள் திருத்தி, நல்ல தாளில் எழுதிக் கொடுப்பாள். கல்யாணமான புதிதிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். "வாக்கியம் உன்னுது, குதிரை என்னுது." முப்பத்தொரு வருடத்தில் அந்த எல்லையை அவள் தாண்டியதில்லை. நல்ல பிரதி முடிந்ததும் அவர் கிறுக்கிய தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் காய்கறித் தோலோடு போட்டுவிடுவாள். போதகர் திடீரென்று வீட்டுக்கு வந்து நிற்பார்; மேஜைமேல் அது கிடக்க வேண்டாம் என்று.

அவர் ஒரு நாளும் பந்தயம் கட்டியதில்லை. கட்டினால் கண் கெட்டுப்போகும் என்பார். மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய், வேலியோரம் ஒரு பழைய பைனாகுலரோடு நிற்பார். ஊரே ஜெயித்த குதிரையைப் பார்த்துக் கத்தும்போது அவர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏன் பின்தங்கியது? முன்னால் இரண்டு குதிரைகள் அடைத்துக்கொண்டனவா? ஜாக்கி அவசரப்பட்டானா? தரை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையா? வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்துவிட்ட அந்தக் குதிரையை முதலிடத்தில் போடுவார். பத்தில் ஐந்து தப்பாகும். மீதி ஐந்துக்காகத்தான் ஆட்கள் அந்தப் பத்திரிகையை வாங்கினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் பக்கீர் முகமது. மேற்குத் தாம்பரத்தில் பைக்குக்கு சீட் கவர் தைக்கும் கடை. ரயில் சிநேகிதம். 'சேணம்' யார் என்று தெரிந்த ஒரே வெளியாள். வீட்டுக்கு வந்தால் முதலில் மெட்டில்டாவைத்தான் சீண்டுவார்.

"இன்னா டீச்சர், இந்த வாரம் சார் குதிரைக்கு எத்தினி கமா போட்டீங்க? பார்த்துப் போடுங்க, தடுக்கி வுழுந்துடப் போவுது!"

"உங்க கடை போர்டுல ரெண்டு தப்பு இருக்கு பாய். மொதல்ல அதைத் திருத்துங்க."

இப்படியே போயிருக்கலாம். ஓர் ஆகஸ்ட் மாதம் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த வில்பிரட்டுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. காபியை 'டிக்கெட்' என்பார். மகள் ஜென்சியைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும். உடனே வாயை மூடிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்க மெட்டில்டாவுக்குத் தாங்காது.

மூன்று மாதம் பத்திரிகையில் வேறு யாரோ எழுதினார்கள். டிசம்பரில், "ஒரு வாரம் எழுதிப் பாருங்க சார், எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்று ஆசிரியர் போனில் சொன்னார். அன்று வில்பிரட் இடது கையால் தானே சவரம் செய்துகொண்டார். தாடையில் இரண்டு வெட்டு.

"இதுவும் போச்சுன்னா," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், "உள்ள ஒன்னுமில்ல மெட்டில்டா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கீர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். அவள் தேநீர் போட உள்ளே போனாள். முன்னறையில் இருவரும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது கேட்டது. என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அவர் சொல்ல, அவள் எழுதினாள். நான்கு பந்தயங்கள் நன்றாகவே போயின. வார்த்தை வராத இடத்தில் விரலை விட்டுக் காட்டினார். எண்களில் தடுமாற்றம் இல்லை.

"அஞ்சாவது. ஏழு. ஹார்பர் பெல்."

அவள் ரேஸ் புத்தகத்தைப் பார்த்தாள். அந்தக் குதிரை போன தடவை பத்தில் எட்டாவது. அதற்கு முன்னால் கடைசி.

"எட்டாவதா வந்ததுங்க இது."

"ஏழு."

"சரி. ஏன்னு ஒரு வரி சொல்லுங்க."

வெகுநேரம் தேடினார். நெற்றி வேர்த்தது. "மழை. அவ நீந்துவா. அவ அம்மாவும் நீந்துவா." மழையில் நனைந்த தரையில் நன்றாக ஓடும் குதிரையை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்ட புடவை வெயிலில் விறைத்துப் போயிருந்தது. ஒரு வாரமாகத் துளி மழை இல்லை.

"மழையாங்க? வெயில் கொளுத்துதே."

"நாளைக்கு," என்றார். பிறகு தண்ணீர் டம்ளரைக் காட்டி, "அந்தப் பேனாவை எடு," என்றார்.

அந்தப் பேனாதான் அவளை மாற்றியது. டம்ளரைப் பேனா என்கிறவர் இரண்டை ஏழு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இரண்டாம் எண் கிராண்ட் மார்ஷல்; மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்த குதிரை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருகிற மனுஷன், வெயில் காயும்போது குதிரை நீந்தும் என்று எழுதினால் ஆபீஸில் சிரிக்க மாட்டார்களா? அடுத்த வாரம் கூப்பிடுவார்களா?

அவர் கண்ணயர்ந்திருந்தார். நல்ல பிரதியில் ஐந்தாவது பந்தயத்துக்கு இரண்டு, நான்கு, ஏழு என்று எழுதினாள். ஏழைத் தூக்கியா எறிந்துவிட்டோம், மூன்றாவதாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஓடிக்கொண்டே இருக்கும் அவர் வாக்கியத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பது போலத்தான் அப்போது தோன்றியது. இரண்டாம் எண்ணுக்குக் காரணம் வேண்டுமே? 'நல்ல ஓட்டத்தில் இருக்கிறது' என்று போட்டாள். வருடக்கணக்காக நூறு குதிரைகளுக்கு எழுதிய வரி. தாளைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிய தாளை வழக்கம்போலக் கிழித்து, முருங்கைக்காய்த் தோலோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் பாதியில் இருந்தபோது கோயில் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. முதலில் யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு கொட்டியது. போதகரின் குரல் அமுங்கிப்போகும் அளவுக்குக் கொட்டியது.

"முடிச்சூர்ல இந்நேரம் முழங்கால் தண்ணி நிக்கும்," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மெட்டில்டா கண்களை மூடிக்கொண்டாள். நல்ல ஓட்டத்தில் இருக்கிறது, நல்ல ஓட்டத்தில் இருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் எண் ஜெயிக்க வேண்டும் என்று ஆலயத்துக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். அதுவரை ஒரு குதிரைக்காக அவள் ஜெபித்ததே இல்லை.

சாயங்காலம் போனில் முடிவுகளைப் படித்துக் காட்டுவதும் அவள் வேலைதான். முதல் பந்தயம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் குரல் இறங்கிவிட்டது.

"அஞ்சாவது?" என்றார்.

"ஏழுங்க. ஹார்பர் பெல்."

அவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஆனால் ஆகஸ்டுக்குப் பிறகு முதல் சிரிப்பு. இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். "பாத்தியா! நீந்திட்டா! பாத்தியா மெட்டில்டா!" அப்புறம், "பேப்பரை எடு. அச்சுல பாக்கணும்," என்றார்.

சனிக்கிழமை மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டதால் அவர் பேப்பரைப் பார்த்திருக்கவில்லை. அவள் இங்கும் அங்கும் தேடுவது போலப் பாவனை செய்தாள். அது டீப்பாய் மேலேயே கிடந்தது. அவரே எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஐந்தாவது பந்தயத்தின்மேல் கண்ணாடி நின்றது. அப்படியே நின்றது.

"நானா இப்படிச் சொன்னேன்?"

அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு நின்றாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இவ்வளவு வருடம் தொடாத இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இனி என் கையை எப்படி நம்புவார் என்ற பயம் முந்திக்கொண்டது.

"ஆமாங்க," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "மனசுல ஏழுதான் இருந்துச்சு. வாய் ரெண்டுன்னு சொல்லிருக்கு." பேப்பரை ஒதுக்கிவிட்டு, "வாய் வேற, மனசு வேற ஆயிடுச்சு," என்றார்.

மறுநாள் ஜென்சியைக் கொண்டு பத்திரிகைக்குப் போன் போட்டு, இனி எழுதவில்லை என்று சொல்லிவிட்டார். பைனாகுலரை உறைக்குள் போட்டு அலமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார். பக்கீர் வந்தபோது, "ரேஸ் பத்தி மட்டும் பேசாத பாய்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். பக்கீர் மழை, வெயில், கறிவிலை என்று பேசிவிட்டு எழுந்து போனார்.

அதோடு நின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இட்லியா தோசையா என்று கேட்டால், "நீயே சொல்லு," என்பார். எந்தச் சட்டை என்றால், "நீயே எடு." சொல்லவந்த வார்த்தையைத் தேடுவதையே விட்டுவிட்டார். தேடினால் தப்பானது வரும் என்று முடிவு கட்டியிருந்தார். பிசியோதெரபிக்கு வந்த பெண், "அங்கிள் முன்ன நல்லா பேசினாரே ஆன்ட்டி?" என்றாள். மெட்டில்டா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், அவர் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெயிலையும் புடவையையும் டம்ளரையும் சொன்னாள். "நீங்க ஏழுன்னுதான் சொன்னீங்க. மாத்தினது நான். உங்க வாயும் சரி, மனசும் சரி. நான்தான் கெடுத்தேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அவர் மெதுவாக இடது கையை நீட்டி அவள் தலைமேல் வைத்தார்.

"நீ குதிரையைத் தொட மாட்ட," என்றார். வார்த்தை வார்த்தையாக வந்தது. "முப்பத்தொரு வருஷம். ஒரு தடவை தொட்டதில்ல."

"அன்னிக்குத் தொட்டேங்க. சத்தியமா."

"நான் சொல்ல நீ எழுதின தாள் எங்க?"

எந்தத் தாளைத்தான் அவள் வைத்திருந்தாள்?

"எனக்காகச் சொல்ற," என்றார். "நீ பொய் சொல்லி நான் கேட்டதில்ல. இதுதான் முதல் தடவை." அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பாதிச் சிரிப்பு மறுபடி வந்தது. "நல்லாத்தான் சொல்ற."

அதற்குமேல் எத்தனை தடவை சொன்னாலும் தலையைத் தடவிக் கொடுப்பார். ஜூன் மாதத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்துப் பக்கீர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை.

"ஒன்னு மனசுல கெடந்து அறுக்குது டீச்சர். அந்த அஞ்சாவது ரேஸ்... வெள்ளிக்கெழமை நீங்க டீ போட உள்ள போனீங்க பாருங்க, அப்ப சார் என்கிட்ட சொன்னாரு. ஏழு, மழை வரும், நீந்துவான்னாரு. சிரிச்சோம். மறுநாள் பேப்பர்ல பார்த்தா ரெண்டு கீது. சார் மனசு மாத்திட்டாருபோலன்னு வுட்டுட்டேன். அப்பால ஏழு அடிச்சிட்டுது. போய்க் கேட்டா புண்ணைக் கிளறுற மாதிரி ஆயிடும்னு வாயை மூடிக்கினேன்."

மெட்டில்டா அன்று எடுத்துக் காட்ட முடியாத தாள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்தில் ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருந்தால் போதும். ஆறு மாதம் இதே தெருமுனையைத் தாண்டித்தான் இவர் தினமும் போய் வந்திருக்கிறார்.

"அவர் மாத்தல பாய்," என்றாள். "நான் மாத்தினேன்."

"நீங்களா?"

"நான்தான்."

பக்கீர் அவளை உற்றுப் பார்த்தார். அவர் உடனே நம்பினார். "அப்ப சார் கரெக்ட்டு!" என்று தொடையில் தட்டினார். "படுத்துக்கினே வானத்தைப் படிச்சிருக்காரு பாருங்க டீச்சர்! மனுஷன் கடைசி வரைக்கும்..." சாவு வீடு என்று நினைவு வந்து, சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. கேட்கவில்லை.

பிறகு போனை எடுத்தார். "ரேஸ் ஆளுங்க குரூப்பு ஒன்னு கீது. எரநூறு பேர் இருப்பாங்க. அந்த வாரத்தோட சேணத்துக்கு மூளை போச்சுன்னு ஒருத்தன் போட்டிருந்தான். இதை அதுல போடட்டா? உங்க பேர் வராது. அச்சுல மாறிப்போச்சுன்னு போட்டுடறேன்."

"வேண்டாம் பாய். வீட்டுக்காரி மாத்திட்டான்னே போடுங்க. சேணம் யாருன்னும் போடுங்க. அவர் பேரை முழுசாப் போடுங்க."

"சபையில தெரிஞ்சுடுமே டீச்சர்?"

"தெரியட்டும்."

பக்கீர் ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டித் தட்டி எழுதினார். முடித்துவிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினார். தொடங்கிய வாக்கியம் எங்கேயும் நிற்காமல் ஓடியது. நாற்பது வருஷமாக எழுதியவர் என்று இருந்தது.

முப்பத்தொன்று என்று அவள் சொல்லவில்லை.

"அனுப்புங்க," என்றாள்.