நல்ல தண்ணீரில் ஒரு குளியல்

...அதுவும் நல்ல தண்ணீரில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் வருகிறதை நான் வரிசையில் நின்று பிடித்து இடுப்பில் சுமந்து வந்த தண்ணீரில், அடுப்பில் வைத்துக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, இந்த மனுஷன் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். பொம்மையார்பாளையத்திலிருந்து அது வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் வீட்டுக்கு மகாராணி. போர் தண்ணீர் உப்பாம், ஊற்றினால் குட்டிக்குத் தோல் அரிக்குமாம், கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பினார்களாம். என் தோல் என்ன எருமைத் தோலா? மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்து பதினொரு வருஷமாக அந்தத் தண்ணீரில்தானே தலை குளிக்கிறேன், சோப்பு நுரைக்காது, முடி தேங்காய் நாராகிவிடும், சீப்பு வைத்தால் கொத்தாக வரும்... ஒரு நாளாவது என் தலையைப் பார்த்திருப்பாரா? விடியற்காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே உப்பளத்தில்தான் நிற்கிறோம், அவர் வாருகிறார், நான் சுமக்கிறேன், குதிகால் வெடிப்பில் உப்பு இறங்கி உயிர் போகிறது, இங்கே அந்தச் சனியனின் கால் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தேய்க்கிறார். கொடுத்து வைத்த ஜென்மம்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்பார்கள், வைக்கத்தான் போகிறார். துவட்டப் பழந்துணி கொடுத்தேன், முரடாக இருக்கிறதாம், என் புதுத் துண்டை எடுத்துக்கொண்டார். அது முனகியது. உடனே குனிந்து, "இன்னாடி கண்ணு, குளுருதா?" என்றார். இந்தக் குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்? கல்யாணமான புதிதில்கூட நான் கேட்டதில்லையே. நாய்க்குட்டியைப் பார்த்து வயிறெரிகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்விக்குத் தெரிந்தால் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், சிரிக்கட்டும், எனக்குத் தாங்கவில்லை.

"எனுக்கு ஒரு நாளாவது இப்படி நல்ல தண்ணி காய வச்சுக் குடுத்திருக்கீங்களா?"

நிமிர்ந்து பார்த்தார், கோபமும் இல்லை, கேலியும் இல்லை, உண்மையிலேயே விளங்காத முகம். "நீ கேக்கவே இல்லியே, கீதா."

கேட்கவில்லையா... பதினொரு வருஷத்தையும் துழாவிப் பார்க்கிறேன், இல்லை, கேட்கவில்லைதான், குடிக்கவே போதாது என்று குடத்தை மூடி வைத்ததும் நான்தான், சரி, அப்படியென்றால் இந்தக் குட்டி மட்டும் கேட்டதா? அதற்கு வாயே இல்லையே. கேட்காமலே அதற்குச் செய்யத் தெரிந்தவருக்கு எனக்கு மட்டும் ஏன்... அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். "மீதி இருக்குது பாரு, தலைக்கு ஊத்திக்கிறியா?" ஊற்றிக்கொண்டால் நாய் குளித்த மிச்சம், வேண்டாம் என்றால் இந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் கேட்கமாட்டார், தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.