மேல் மூலையைப் பிடித்தவள்

வலது தோளில் யாரோ ஆணி அடித்து வைத்த மாதிரி வலித்தது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கவே மூன்று முறை மூச்சுவிட வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் வலியை யாரிடமும் காட்டாமல் நடக்கப் பழகியிருந்தேன்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. எனக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் மேசை. உருளை இஸ்திரியிலிருந்து சூடாக வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாங்க வேண்டும். தரையில் பட்டால் மறுபடி வெளுக்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி உதறி, மடித்து, நடந்து ஒன்று சேர்வோம்.

என் கை தலைக்கு மேல் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. எதிரே நிற்பவள் நெட்டச்சி. உயரத்தைக் கிண்டல் செய்து வைத்த பெயர், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் தன் முனையை உயரத் தூக்கி விறைப்பாக இழுத்துக்கொள்வாள். நான் இடுப்பளவில் பிடித்தால் போதும். நெருங்கி வந்ததும் என் பக்கத்து மூலைகளையும் அவளே வாங்கிக்கொள்வாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. போன மாதம்தான் முழங்கால் வீங்கிய ஒருத்தியைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடக்க, என் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த வாரம் ஒரு ஆள் வந்தார். சட்டையில் குத்திய அட்டையில் ‘நடத்தையியலாளர்’ என்று இருந்தது. கையில் ஒரு எண்ணும் பொத்தான். அமுக்கினால் டிக் என்று சத்தம் வரும்.

“அப்படின்னா என்ன சார்? போலீஸா?” என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

“மனோதத்துவத்துல ஒரு கட்சின்னு வச்சுக்கங்க. பிஹேவியரிஸ்ட்னும் சொல்வாங்க. மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நாங்க பேச மாட்டோம். கண்ணுக்குத் தெரியற செய்கை, எண்ண முடியற செய்கை, அவ்வளவுதான்.”

“அப்ப என் பொண்டாட்டியும் உங்க கட்சிதான் சார். நான் என்ன நினைக்கிறேன்னு இருபது வருஷமா கேட்டதே இல்ல.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஆள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக். டிக்.

மனசைப் பார்க்காத ஆளை ஆபீஸ் எதற்குக் கூட்டி வரும்? ஆள் குறைக்கத்தான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நெட்டச்சியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

“என்னடி கேட்டாங்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

மறுநாளும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மணி அடித்ததும் எனக்காக நிற்காமல் கிளம்பிவிட்டாள். ராத்திரி முழுக்க அதையே போட்டு உருட்டினேன். இரண்டு முறை போயிருக்கிறாள், ஒன்றுமில்லை என்கிறாள், முகம் கொடுக்கவில்லை. வேறென்ன இருக்க முடியும்? என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

காலையில் சூப்பர்வைசரிடம் போய், நெட்டச்சி ஈரம் காயாத விரிப்பை மடித்து அடுக்குகிறாள் என்றேன். பொய். கூச்சமே இல்லாமல் சொன்னேன். அவளை அன்றைக்கே ஊறல் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். ரத்தமும் சீழும் பட்ட துணியைக் கொதிநீரில் கிளறும் இடம். போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

புதிதாக வந்தவள் குட்டை. முதல் விரிப்பே தரையில் புரண்டது. டிக் சத்தம் நின்றது. அந்த ஆள் எழுந்து வந்தார்.

“ஜோடியை ஏன் மாத்தினாங்க?”

“எனக்குத் தெரியாது சார்.”

“இருக்கற எட்டு ஜோடில நீங்கதான் வேகம். பிரிக்காதீங்கன்னு எழுதியிருக்கேனே.” தாளைக் காட்டினார். ஒவ்வொரு ஜோடிக்கும் நேராகக் கோடுகள். எங்கள் வரிசையில், இடப்பக்கம் நிற்கும் என் கை தோளுக்கு மேல் எத்தனை முறை போனது என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். தேதி, அவர் வந்த முதல் நாள்.

“எனக்கு வலின்னு எழுதிட்டீங்களா?”

“வலி எனக்குத் தெரியாதும்மா. கை போகல, அது தெரியும். வேலை நடக்குது, அதுவும் தெரியும்.”

“அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டது?”

“ரெண்டு நாள் வேற ஜோடில நின்னா ஒப்பிட்டுப் பாக்கலாம்னு கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க. மறுநாள் சூப்பர்வைசரே சொன்னார். அப்பவும் மாட்டேன்னாங்க. நல்லா திட்டு வாங்கினாங்க.”

“ஏன்னு சொன்னாளா?”

“கேக்கல. ஏன்னு கேக்கறது எங்க வேலை இல்ல.”

உள்ளே இருப்பது தெரியாது என்று ஒப்புக்கொண்ட மனுஷன் ஒரு கோடுகூடத் தப்பாகப் போடவில்லை. அவள் உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி நான்தான் தீர்ப்பு எழுதிவிட்டு நின்றேன்.

சூப்பர்வைசரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பொய் ஏன் சொன்னேன் என்று கேட்பார், அதற்குப் பதில் என் தோள். ஆபீஸ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு முறை இல்லை, நான்கு முறை.

சாப்பாட்டு மணியில் தொட்டி அறை வாசலில் போய் நிற்கிறேன். ஆவிக்குள் அவள் நெட்டையாகத் தெரிகிறாள். முழங்கைவரை சிவந்திருக்கிறது. “என்னக்கா?” என்கிறாள், கழியை விடாமல். “ஒண்ணுமில்லடி” என்கிறேன்.

மூன்று மாதம் எனக்காக அவள் கை தூக்கினாள். அதற்கும், நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து, அவளுக்கு நான் ஒரு உண்மை பாக்கி. இன்னும் தரவில்லை.