அம்மாவின் அசல்

வெளிநாட்டில் எம்.பி.ஏ. சேர அம்மாவின் அசல் வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. ஆகவே வியாழக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள கன்சல்டன்சிக்குப் போனேன்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும் என்றார்கள். அதற்குமேல் இருந்த அந்த ஒரு மாடிக்குப் பதினொரு மாடி ஏறினோம். ஏறும்போதே அம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன்.

"என்ன கேட்டாலும், எம் மவன் திரும்பி வந்துருவான்னு சொல்லணும்."

"வேற ஏதாச்சும் கேட்டா?"

"அதுக்கும் அதையேதான் சொல்லணும். கூட ஒரு வார்த்தை பேசப்பிடாது."

"சரிய்யா" என்றாள்.

டெல்ஃபின் மேடம்தான் எங்கள் ஃபைலைப் பார்ப்பவர். அவர் அம்மாவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முதுகில் சீல் இல்லை என்றார். பரவாயில்லை என்றும் அவரே சொன்னார். பிறகு ஓர் ஆள் வந்து அம்மாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனான்.

எம்.பி.ஏ.வுக்கு எனக்கு இடம் கொடுத்திருந்த இரண்டு மேலாண்மைப் பள்ளிகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தன. ஆற்றங்கரைப் பள்ளிக்கு முழங்கால்வரை பேன்ட் நனைந்திருந்தது. மலைப் பள்ளி ஸ்வெட்டர் போட்டிருந்தது. திருநெல்வேலி வெயிலில் அதற்கு ஒரு பொட்டு வியர்வை இல்லை. இரண்டும் என்னைப் பார்த்தன. எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டுல ஒண்ணை எடுங்க ஆவுடையப்பன். பன்னெண்டு மணிக்குப் பூட்டிருவோம்" என்றார் மேடம்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

"ஆத்தங்கரை, திரும்பி வர்றவங்களுக்கு. மலை, திரும்பி வராதவங்களுக்கு."

"பாடமெல்லாம்?"

"பாடம் ஒண்ணுதான்."

சுவரில் தரவரிசைப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆற்றங்கரை அறுபதாம் இடத்தில் இருந்தது. மலை நாற்பத்தொன்றில் இருந்தது. நான் பார்க்கப் பார்க்கப் பன்னிரண்டுக்கு வந்தது. பிறகு ஒன்பது.

கை தானாக மலையில் டிக் அடித்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். நான்தான் அடித்தேன். மேடம் அதன்மேல் சீல் குத்தினார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"பேரு?"

"எம் மவன் திரும்பி வந்துருவான்."

"வயசு?"

"எம் மவன் திரும்பி வந்துருவான்."

"மேடம், அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்."

"ரெண்டு பேர் பதிலும் ஒத்துப் போகணும். சொல்லிக் குடுக்கக் கூடாது."

நான் எழுந்து ஓடினேன். பக்கத்து அறைக்கு நாலடி தூரம்கூட இல்லை. ஓட ஓட நடைவழி நீண்டது. ஒரு தண்ணீர் கேனைத் தாண்டினேன். மறுபடி அதே கேனைத் தாண்டினேன். ஒன்பதாவது தடவை தாண்டும்போது கேனில் தண்ணீர் தீர்ந்திருந்தது. கதவு அங்கேயேதான் இருந்தது. அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. திரும்பி வர எனக்கு இரண்டே எட்டுதான் ஆனது.

"என் பதிலை மாத்திருங்க மேடம். ஆத்தங்கரையே போதும்."

"சீல் குத்தியாச்சே. இனிமே அம்மாவைத்தான் மாத்தணும்."

போட்டோ சைஸ் சரியில்லை என்பதைப்போலச் சொன்னார்.

"வேண்டாம்னா?"

"ரெண்டு சீட்டையும் விட்டுட்டு அவங்களக் கூட்டிட்டுப் போகலாம். கீழ ஆட்டோ நிக்கும்."

ரொம்ப நேரம் யோசித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் மலை ஏழாம் இடத்துக்கு வந்திருந்தது. மேடம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாகத்தான் விழுந்தது.

புது அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அதே பச்சைச் சேலை, அதே வயர்க்கூடை. தலைமட்டும் புதிதாக வாரியிருந்தது. என் கண்ணைப் பார்த்து, "எம் மவன் வரமாட்டான்" என்று தெளிவாகச் சொன்னாள். மலைப் பள்ளி முதன்முறையாகத் தலையாட்டியது. அவள் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. கூடையை வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து அறையைக் கடக்கும்போது உள்ளேயிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"எய்யா, அங்கனதான் நிக்கியா? நான் சரியாச் சொல்லிட்டனா?"

டெல்ஃபின் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரியாத்தாம்மா சொன்ன" என்றேன்.

புது அம்மா அது தனக்கென்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.