சுதந்திரத்தில் மூன்று வகை

"நான் சொல்றத முதல்ல—"

"நீங்க சொன்னதக் கேட்டுத்தானே இங்க வந்து நிக்கறோம்!"

"சுதந்திரம்னு பேர் போட்டிருந்தா மனுஷன் என்னன்னு—"

"பேரைப் பத்தி நீங்க பேசவே பேசாதீங்க!"

விமான நிறுவனத்தின் அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதாக இருந்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட். இன்று காலை மருமகன் போன் செய்து, டாக்டர் அவசரப்படுகிறார், நாளை சாயங்காலமே என்றான். தேதியை மாற்றிக்கொண்டால் ஆயிற்று என்று போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார்கள்.

"உங்களோடது 'சுதந்திரம்' டிக்கெட்மா. அதுல தேதி மாத்த முடியாது, ரத்து பண்ண முடியாது, பெட்டி கொண்டுபோக முடியாது."

"பின்ன எதுலதான் சுதந்திரம்? மூச்சு விடறதுலயா?"

"தேதி மாத்தணும்னா 'கூடுதல் சுதந்திரம்' எடுத்திருக்கணும்மா. பெட்டியும் வேணும்னா 'முழுச் சுதந்திரம்'."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வாங்கறப்ப மூணும் கண்ணுல பட்டுதா, இல்லையா?"

"பட்டுது." பெயின்ட் கடை வைத்திருந்த அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம கடையில 'பளபளப்பு'ன்னு ஒரு டப்பா, 'கூடுதல் பளபளப்பு'ன்னு ஒரு டப்பா. ரெண்டும் ஒரே பீப்பாயிலேர்ந்து ஊத்தறதுதான். லேபிள் மட்டும் வேற. இவங்களும் நம்மள மாதிரிதான் இருப்பாங்கன்னு..."

சொந்த வீட்டுக் கூடத்துக்கும் கூடுதல் பளபளப்பையே அடிக்கச் சொல்லி அடம்பிடித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள். அந்தச் சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு வழியும் இல்லையா?"

"குடும்பத்துல யாராவது இறந்துட்டா மாத்தித் தருவோம்மா. சான்றிதழ் காட்டணும்."

"பிறந்தா?"

"பிறப்புக்கு விதி எதுவும் இல்லைம்மா."

அவள் கணவனை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பார்க்கற? நான் நல்லாத்தான் இருக்கேன்!"

கண்ணாடிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ தட்டித் தட்டித் தேடினாள். "நாளைக்குக் காலையில ஒரே ஒரு இடம் இருக்கும்மா. புதுசாத்தான் எடுக்கணும். யார் பேர்ல போடட்டும்?"

இதைப் போய் ஒரு கேள்வி என்று கேட்கிறாளே! அவள் பைக்குள் துழாவி அடையாள அட்டையை எடுத்து நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அடியில் அவருடைய அட்டை ஏற்கெனவே கிடந்தது.

"என்னங்க இது? பெத்தவ நான் இங்க உட்கார்ந்திருக்க, ஆஸ்பத்திரியில நீங்க போய் என்ன பண்ணுவீங்க? சுவருக்கு என்ன பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு தடவிப் பார்ப்பீங்களா?"

அவர் அட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அவ பொறந்தப்ப சரக்கு வந்து இறங்குதுன்னு கடையிலயே கிடந்தேன். மூணாம் நாள்தான் வந்து முகத்தைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை நான் முன்னால போகட்டுமா?"